500 போன்தானே என்று சொல்லாதீர்கள்

போன வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ஒரு நிறுவனத்தின் ஐடி மேலாளர் பதற்றத்தோடு கூப்பிட்டார். அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கம்பெனி போனை பஸ்ஸில் விட்டுவிட்டார். வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல், மெயில் எல்லாம் அதில் இருக்கிறது. கம்பெனி போன்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் எம்டிஎம் மென்பொருளின் கன்சோலில் அந்தப் போனைத் தேடிப்பிடித்து, அதிலுள்ளதையெல்லாம் அழிக்கும் ‘வைப்’ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் பிழை என்று வந்து நின்றுவிட்டது. ஐந்தாறு முறை அழுத்தியும் அதே கதைதான்.

ரிமோட்டில் போய், எம்டிஎம் தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் எரர் லாகைத் (பிழைப் பதிவை) திறந்தேன். 1827-ம் எண் பிழை வரிசையாக நின்றது. டேட்டாபேஸ் உங்கள் லைசென்ஸ் வரம்பான 10240 எம்பியைத் தாண்டப் பார்க்கிறது என்பது அதன் அர்த்தம். அது எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் எம்டிஎம் மென்பொருளை இன்ஸ்டால் செய்தபோது, டேட்டாபேஸையும் நானே போட்டுத் தரட்டுமா என்று இன்ஸ்டாலர் கேட்டிருக்கிறது. சரி என்று அழுத்தியிருக்கிறார்கள். 10 ஜிபி நிறைந்தது செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து எந்தப் போனின் தகவலும் பதிவாகவில்லை. கன்சோல் திறந்ததால் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வைப் கட்டளை கன்சோலிலிருந்து நேராகப் போனுக்குப் பறந்து போவதில்லை. முதலில் அது டேட்டாபேஸில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். பிறகுதான் ஆப்பிளின் அல்லது கூகுளின் புஷ் சேவை வழியாகப் போனை எழுப்புவார்கள். எழுந்த போன் எம்டிஎம் சர்வரிடம் வந்து கட்டளை இருக்கிறதா என்று கேட்கும், சர்வர் அந்த வரியைப் படித்துக் கொடுக்கும். வரி எழுத இடமில்லை என்றால் கட்டளையே கிடையாது.

பழைய லொகேஷன் பதிவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து இடம் உண்டாக்கி, எட்டு மணிக்கு மேல்தான் வைப் கட்டளையைப் பதிவு செய்ய முடிந்தது. அதற்குள் அந்தப் போன் அணைக்கப்பட்டிருந்தது. இதை எழுதும் இந்த நேரத்திலும் அந்தக் கட்டளை ‘நிலுவையில்’ என்றே நிற்கிறது.

இந்த வருடம் இதே மாதிரி நான் பார்க்கும் நான்காவது இடம் இது. நான்கு இடத்திலும் எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியம் ஒன்றுதான்: “சார், மொத்தம் 500 போன்தானே, இதற்கு எதற்குப் பெரிய டேட்டாபேஸ்?”

500 என்பது போன்களின் எண்ணிக்கை. டேட்டாபேஸுக்கு அந்தக் கணக்கு தெரியாது, எத்தனை முறை எழுதுகிறோம் என்ற கணக்குதான் தெரியும். விற்பனை ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று 15 நிமிடத்துக்கு ஒரு முறை லொகேஷன் எடுக்கச் சொல்லிப் பாலிசி போட்டிருக்கிறீர்கள். ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 96 பதிவு. 500 போனுக்கு 48,000. ஒரு வருடத்துக்கு 1 கோடியே 75 லட்சம் வரிகள். இது லொகேஷன் மட்டும். ஒவ்வொரு போனிலும் 60 செயலிகள் இருந்தால், செயலிப் பட்டியல் ஒரு முறை வரும்போது 30,000 வரிகள் கையாளப்படுகின்றன. பேட்டரி, சேமிப்பிடம், பாஸ்கோடு இருக்கிறதா, பாதுகாப்பை உடைத்து ரூட் செய்யப்பட்டிருக்கிறதா என்று இன்னும் பல சமாச்சாரங்கள் உண்டு. யார் கன்சோலில் என்ன செய்தார்கள் என்ற தணிக்கைப் பதிவு தனி. 500 பேர் பெயர் எழுதிய எக்ஸெல் கோப்பு மாதிரி இதை நினைத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

எக்ஸ்பிரஸ் பதிப்பின் 10 ஜிபி வரம்பை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 2025 பதிப்பில் அதை 50 ஜிபியாக உயர்த்தியும் விட்டார்கள். ஆனால் ஏஜென்ட் கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். பழைய பதிவுகளை அழிப்பது, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸைச் சீராக்குவது, பேக்கப் எடுப்பது போன்ற இரவு வேலைகளை நேரம் பார்த்து ஓட்டுவது எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட்தான். அது எக்ஸ்பிரஸில் இல்லை. வொர்க்ஸ்பேஸ் ஒன் போன்ற எம்டிஎம் மென்பொருள் ஏஜென்ட் ஜாப்களை நம்பியே ஓடுகிறது. எக்ஸ்பிரஸை விட்டால் வழியில்லை என்றால் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலாவது அந்த வேலைகளைப் போட்டு வையுங்கள். 7 ஜிபியைத் தொட்டதும் மெயில் வரும்படி ஒரு எச்சரிக்கையும் வையுங்கள்.

அடுத்தது கோலேஷன், அதாவது எழுத்துகளை எப்படி ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது என்று டேட்டாபேஸுக்குச் சொல்லும் அமைப்பு. நம் ஊரில் இது தனித் தலைவலி. விண்டோஸ் சர்வரை ‘ஆங்கிலம் இந்தியா’ என்ற மொழி அமைப்பில் வைத்திருப்போம், ரூபாயும் தேதியும் சரியாக வரட்டும் என்று. அதன் மேல் எஸ்க்யூஎல் சர்வரை நிறுவினால் கோலேஷன் ‘லேட்டின்1 ஜெனரல்’ என்று தொடங்குவதாக அமையும். அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் பெயரின் முன்னால் ‘எஸ்க்யூஎல்’ என்று சேர்ந்த இன்னொன்று அமையும். படிக்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும், ஆனால் சர்வருக்கு அவை வேறு வேறு. வொர்க்ஸ்பேஸ் ஒன் கேட்பது இரண்டாவதை. டேட்டாபேஸ் ஒரு கோலேஷனிலும் சர்வரின் தற்காலிக டேட்டாபேஸான டெம்ப்டிபி இன்னொன்றிலும் இருந்தால், இரண்டையும் சேர்த்து ஓடும் குவெரி (தகவல் கேட்கும் கட்டளை) 468-ம் எண் பிழையோடு விழும். ஒரு இடத்தில் இன்ஸ்டால் முழுசாக முடிந்து, ரிப்போர்ட் எடுக்கும்போதுதான் இது வெளியே வந்தது. அந்த நிலையில் சர்வரின் கோலேஷனை மாற்றுவது என்றால் சிஸ்டம் டேட்டாபேஸ்களையே திரும்பக் கட்ட வேண்டும். இன்ஸ்டால் திரையில் அந்த ஒரு தாவலைத் திறந்து பார்க்க அரை நிமிடம் போதும்.

அப்புறம் அனுமதிகள். இன்ஸ்டால் செய்யும் கணக்குக்கு டேட்டாபேஸ் உருவாக்கும் உரிமை தேவை. அவசரத்தில் சர்வரையே முழுசாக ஆளும் சிஸ்அட்மின் உரிமையைக் கொடுத்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறீர்கள். வேண்டாம். டேட்டாபேஸ் நிர்வாகி (டிபிஏ) காலி டேட்டாபேஸை உருவாக்கி, எம்டிஎம் அதில் நுழையப் பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுண்டுக்கு அதில் மட்டும் ஓனர் உரிமை கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்ட் 90 நாளில் காலாவதியாகும் பாலிசிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். 91-ம் நாள் காலையில் எம்டிஎம் நின்றுவிட்டது என்று நெட்வொர்க்கைக் குடைந்துகொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எஸ்க்யூஎல் சர்வரைத் தனிப் பெயர் கொடுத்து நிறுவியிருந்தால் (நேம்டு இன்ஸ்டன்ஸ்), அது பேசும் போர்ட்டை நிரந்தரமாக ஒன்றில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மறுதொடக்கத்துக்குப் பிறகு போர்ட் மாறி, ஃபயர்வால் கதவைச் சாத்திவிடும்.

டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களை எழுதிவைக்கும் லாக் கோப்பு பற்றி ஒரே ஒரு வார்த்தை. தினமும் ஃபுல் பேக்கப் எடுக்கிறோமே, லாக் மட்டும் ஏன் 80 ஜிபி ஆகிறது என்று கேட்கிறார்கள். லாகை முழுசாக வைத்திருக்கும் ‘ஃபுல் ரிகவரி மாடல்’ என்ற அமைப்பில், ஃபுல் பேக்கப் எடுத்தாலும் லாகில் இடம் காலியாகாது. லாக் பேக்கப் தனியாக எடுக்க வேண்டும்.

பேக்கப் என்றதும் பலர் விஎம் ஸ்னாப்ஷாட்டை, அதாவது மெய்நிகர் சர்வரின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைத்த நகலைக் காட்டுகிறார்கள். ஒரு மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? ஐபோன் எம்டிஎம்மில் சேரும்போது தன்னை எழுப்ப உதவும் புஷ் டோக்கனையும், பாஸ்கோடை நீக்க உதவும் அன்லாக் டோக்கனையும் சர்வரிடம் கொடுக்கிறது. அவை இருக்கும் இடம் இந்த டேட்டாபேஸ். அந்த ஒரு மாதத்தில் சேர்ந்த போன்களை சர்வருக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் கையில் வாங்கித் திரும்ப என்ரோல் செய்ய வேண்டும். ஊர் ஊராகச் சுற்றும் ஆட்களிடமிருந்து எப்படி வாங்குவீர்கள்?

அதனால் என் வேண்டுகோள் இது. இந்த மாதத்துக்குள் ஒரு சனிக்கிழமை, தனி மெஷினில் நேற்றைய பேக்கப்பையும் லாக் பேக்கப்புகளையும் ரீஸ்டோர் செய்து பாருங்கள். எம்டிஎம் சர்வீஸை மட்டும் அங்கே இயக்காதீர்கள், பழைய கட்டளைகள் நிஜப் போன்களுக்குப் போய்விடக் கூடாது. கடைசியாகச் சேர்ந்த போனின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைக் குறித்துவைத்து, அந்தத் தாளை மேலாளரிடம் கொடுங்கள்.