‘ரேகை விழவில்லை’ என்று திருப்பி அனுப்பினால்: ஆதார் விதிகளில் உங்களுக்குள்ள உரிமை

ஆதாரைக் காரணம் காட்டி ஒருவருக்கு அரிசியோ ஓய்வூதியமோ மறுக்கப்படும்போது, அந்த மறுப்பு பெரும்பாலும் எழுத்தில் வருவதில்லை. “ரேகை விழவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்”, “ஆதாரைத் திருத்திவிட்டு வாருங்கள்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எழுத்தில் இல்லாத மறுப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆகவே, ஆதாரை எங்கே கொடுத்தே ஆக வேண்டும், எங்கே மறுக்கலாம், மறுக்கப்பட்டால் எதை எழுதிக் கொடுத்து எதைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

சட்டப் பின்னணி சுருக்கமாக இதுதான். அரசின் தொகுப்பு நிதியிலிருந்து வரும் மானியம், உதவித்தொகை போன்றவற்றுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தில் 7ஆம் பிரிவு சொல்கிறது. எண் இன்னும் வழங்கப்படாதவருக்கு வேறு வழியில் அடையாளம் காட்ட இடம் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று 5 நீதிபதிகள் அமர்வு, 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில், 7ஆம் பிரிவு செல்லும் என்றும், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாது என்றும் கூறியது.

முதலில் நியாயவிலைக் கடை. நாற்று நட்டும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்துபோன விரலை அந்தச் சிறு கண்ணாடித் தட்டில் வைத்து, பதியாமல் போக, புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைத்து, பத்து விரலையும் முயன்று பார்த்துவிட்டு, பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியதும் வெறும் பையோடு ஒதுங்கி நிற்கும் மூதாட்டிகளைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். தவறு தம்முடைய விரலில் இருப்பதாகவே அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் விதி அவர்கள் பக்கம் இருக்கிறது. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்கப்படாததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டு, பட்டினியில் இறந்தாள் என்று அவளுடைய தாய் சொன்னார். அரசுத் தரப்பு அதை மறுத்தது. அதற்கு அடுத்த மாதம், 2017 அக்டோபர் 24 அன்று, ஆதார் ஆணையம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஆதார் இல்லை என்பதற்காகவோ ரேகை பொருந்தவில்லை என்பதற்காகவோ யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ரேகை பதியாவிட்டால் குடும்பத்தின் வேறு உறுப்பினர் வைக்கலாம், கருவிழியைப் பதியலாம், கைப்பேசிக்கு வரும் ஓடிபியைப் பயன்படுத்தலாம், எதுவுமே இயலாவிட்டால் அட்டையைப் பார்த்து, விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடுக்க வேண்டும்.

நடைமுறையில் அந்தக் கடைசிப் படிக்கு யாரும் வருவதே இல்லை. பதிவேட்டைப் பற்றிக் கேட்டால் “அப்படி ஒன்றும் இங்கே கிடையாது” என்ற பதில் வரும். விற்பனையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கருவியில் ஏறாத விற்பனைக்கு மேலதிகாரி அவரைத்தான் கேள்வி கேட்பார். எனவே கடையில் சண்டை போடாமல், இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ரேகை பொருந்தவில்லையா, இல்லை இணைய இணைப்போ சர்வரோ வேலை செய்யவில்லையா என்பது. இரண்டுக்கும் “ரேகை விழவில்லை” என்றே சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. சர்வர் பழுதுக்கு உங்கள் விரல் பொறுப்பாக முடியாது. மற்றொன்று, கருவிழியையும் ஓடிபியையும் முயன்று பார்த்தார்களா என்பது. முயலவில்லை என்றால் அதுவே உங்கள் மனுவின் முதல் வரி.

இன்னொரு அலைக்கழிப்பையும் சொல்ல வேண்டும். “ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்” என்பார்கள். தேய்ந்த விரலைப் புதுப்பித்தாலும் தேய்ந்த விரலே பதிவாகும். முதியவர் ஒருவரைப் பேருந்தில் ஏற்றி, டோக்கன் வாங்கி, அரை நாள் காக்க வைத்து, அடுத்த மாதமும் அதே பதிலைக் கேட்க வைப்பதைத் தவிர இதனால் பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. மையத்துக்குப் போவதாக இருந்தால், கைப்பேசி எண்ணை ஆதாரில் சேர்ப்பதற்காகப் போங்கள். அதனால் ஓடிபி வழியாவது திறக்கும். கடைக்கு வரவே இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தமிழ்நாட்டில் வேறொருவரை நியமித்துப் பொருள் வாங்கும் படிவம் உண்டு. அதை நிரப்பிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் கெஞ்ச வேண்டியதில்லை.

மனு நீளமாக இருக்க வேண்டாம். குடும்ப அட்டை எண், கடை எண், போன தேதி, நேரம், எந்தெந்தப் பொருள் மறுக்கப்பட்டது, என்ன காரணம் சொன்னார்கள் என்ற விவரங்களோடு, 2017 அக்டோபர் 24 சுற்றறிக்கையின்படி விதிவிலக்குப் பதிவேட்டில் பதிந்து பொருள் வழங்கக் கோருகிறேன் என்ற ஒரு வாக்கியம் போதும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுத்து, மற்றதில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் வாதாட வேண்டாம். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பலனில்லை என்றால், திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவின் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மையத்திலும் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முதியோர் ஓய்வூதியம். தமிழ்நாட்டில் 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட இந்தத் தொகைக்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். இங்கேதான் ஆதாரில் உள்ள பிறந்த ஆண்டு பலரைக் கவிழ்க்கிறது. தொடக்கக் கால முகாம்களில் சான்று எதுவும் இல்லாமல், வரிசையில் நின்றவர் சொன்ன உத்தேச வயதை வைத்தே பலருக்கும் பிறந்த ஆண்டு எழுதப்பட்டது. வாக்காளர் அட்டையில் 63 என்றிருப்பவர் ஆதாரில் 57 ஆகிவிடுகிறார், மனு தள்ளுபடியாகிறது. ஆனால் ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று ஆதார் ஆணையமே 2023 டிசம்பரில் அறிவித்தது. வருங்கால வைப்பு நிதி நிறுவனம் 2024 ஜனவரியில் பிறந்த தேதிச் சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. 2024 அக்டோபரில், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதுக்கு ஆதாரை விடப் பள்ளி மாற்றுச் சான்றிதழே ஏற்கத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தலைமை அலுவலகங்கள் இப்படிச் சொன்ன பிறகும், தாலுகா அலுவலக மேசையில் ஆதார் ஆண்டே வேதவாக்காக இருக்கிறது.

இதில் அவசரப்பட்டு விழும் குழி ஒன்று உண்டு. பிறந்த தேதியை ஆதாரில் ஒரு முறைதான் மாற்ற முடியும். பெயரை இரண்டு முறை. இ-சேவை மையத்தில் யாரோ சொன்னார்கள் என்று பொருத்தமான சான்று இல்லாமல் திருத்தப் போய், அந்த ஒரே வாய்ப்பையும் தவறான தேதியோடு முடித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். முதலில் பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ கையில் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் ஆதாரைத் தொடாமல், வேறு வயதுச் சான்றுகளை இணைத்துச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு மனு எழுதி, ஆதார் வயதுச் சான்று அல்ல என்ற அறிவிப்பைக் குறிப்பிட்டு, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தருமாறு கேளுங்கள்.

வங்கியில் நடப்பது வேறு வகை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, கேஒய்சி எனப்படும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்கு எந்த அடையாள ஆவணத்தைக் கொடுப்பது என்பது வாடிக்கையாளரின் விருப்பம். கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, நூறுநாள் வேலை அட்டை ஆகியவையும் செல்லும். ஆனால் படிவத்தின் அடியில், சிறிய எழுத்தில், “என் சொந்த விருப்பத்தின் பேரில் ஆதாரைத் தருகிறேன்” என்று ஒரு வரி இருக்கும். கவுண்டரில் “ஆதார் இல்லாமல் முடியாது” என்று சொல்லிவிட்டு, அந்த வரியின் கீழ் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட நொடியிலேயே கட்டாயம் விருப்பமாக மாறிவிடுகிறது. பிறகு புகார் செய்தால் உங்கள் கையெழுத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். வேறு ஆவணம் கொடுக்க விரும்பினால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எல்லா இடத்திலும் இந்த வாதம் செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசு உதவித்தொகை அந்தக் கணக்குக்கு வர வேண்டுமானால் வங்கி ஆதாரைக் கேட்பது சரியே. பான் அட்டையோடு ஆதாரை இணைப்பதையும் அதே 2018 தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இணைக்காதவர்களின் பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தது. மீட்க 1,000 ரூபாய் கட்ட வேண்டும். 80 வயது நிறைந்தவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. “உச்ச நீதிமன்றமே வேண்டாம் என்றுவிட்டதே” என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பி இணைக்காமல் இருந்து, வைப்புத்தொகை வட்டியில் கூடுதல் வரிப் பிடித்தத்துக்கு ஆளான ஓய்வூதியர்கள் பலர்.

பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே உண்டு. ‘அபார்’ என்ற மாணவர் அடையாள எண்ணுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், விருப்பமில்லையென்றால் மறுக்கலாம். வாக்காளர் பட்டியலில் ஆதாரைச் சேர்க்கும் 6பி படிவமும் கட்டாயம் அல்ல. அந்தப் படிவத்தில் எண்ணை எழுதவும் “என்னிடம் ஆதார் இல்லை” என்று சொல்லவும்தான் கட்டங்கள் இருந்தன. ‘தர விருப்பமில்லை’ என்பதற்கு இடமே இல்லை. வழக்கு வந்த பிறகு, ஆதார் எண் கட்டாயமல்ல என்பதைத் தெளிவாக்கும் மாற்றங்களைச் செய்வதாக 2023 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் கூறியது.

இனி, கொடுத்த ஆதார் எங்கே போகிறது என்பதைப் பார்க்கலாம். ஜெராக்ஸ் கடைக் கணினியில் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தால், யார் யாருடையவோ இ-ஆதார் கோப்புகள் வரிசையாகக் கிடப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். அந்தக் கோப்பின் கடவுச்சொல், ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். அச்செடுத்த உடனே கோப்பை அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கியதைப் பார்த்துவிட்டு வாருங்கள். விடுதி, வாடகை வீடு, கூரியர் அலுவலகம் போன்ற இடங்களில் வேறு அடையாள அட்டை கொடுங்கள். ஆதாரே வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். இதையே 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் மக்களுக்கு எச்சரிக்கையாக வெளியிட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று காரணம் சொல்லி, சில நாளிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிவிப்பு போய்விட்டது, ஆபத்து போகவில்லை.

ஆதார் எண்ணும் வங்கிப் பெயரும் விரல் ரேகையும் இருந்தால், ஓடிபி இல்லாமலேயே கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முறை நடைமுறையில் உள்ளது. பத்திரப் பதிவு ஆவணங்களின் நகல்களிலிருந்து ரேகையை அச்செடுத்து இப்படித் திருடியவர்கள் வடமாநிலங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் ரேகையைப் பூட்டிவைக்கலாம். ஆனால் பூட்டியதை மறந்து நியாயவிலைக் கடைக்குப் போனால் அங்கேயும் ரேகை ஏறாது. போவதற்கு முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு அழைத்துவிட்டு, 3 வேலை நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் தவறு இல்லாமல் மூன்றாம் நபரால் நேர்ந்த இழப்பை அந்தக் கெடுவுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை சொல்கிறது.

மனுவுக்குப் பதிலே வராதபோது தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள்; 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கேள்வியை அமைப்பதில் மட்டும் கவனம் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) என்றழைக்கப்படும் தனிநபர் தகவல் பற்றிய விலக்கை விரிவாக்கிவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்று அந்த உட்பிரிவிலேயே இருந்த வாசகம் நீக்கப்பட்டு, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. மக்களின் தரவைக் காப்பதற்கென்று வந்த சட்டம் அரசுத் துறைகளுக்குத் தாராளமாக விலக்கு கொடுத்துவிட்டு, மக்கள் கேள்வி கேட்கும் வழியைக் குறுக்கியிருப்பது எனக்கு ஆறாத வருத்தம். ஆகவே பிறரைப் பற்றிக் கேட்காதீர்கள். “இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன? இன்ன கடையில் விதிவிலக்குப் பதிவேட்டில் இந்த ஆண்டு எத்தனை பதிவுகள் உள்ளன? எனக்குப் பொருள் மறுக்க ஆதாரமான அரசாணையின் நகலைத் தரவும்” என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு அனுப்பிவிடுங்கள். முத்திரை வாங்கிய மனுவின் நகலை அதோடு இணைக்க மறக்காதீர்கள்.