பானையும் வனையுங்கள், குளிசையையும் விழுங்குங்கள்

மட்டக்களப்பில் மனநலச் சிகிச்சைக்கு வருபவர்களோடு வேலை செய்யும் தொழில்வழிச் சிகிச்சையாளர் நான். நோயாளிகளின் கையில் களிமண்ணைக் கொடுப்பது என் அன்றாட வேலை. ஆகவே இதை மண்வேலைக்கு எதிரான கட்டுரை என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆனால் அண்மையில் மறுபடியும் ஒருவர் வந்தார். அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன். மனச்சோர்வுக்குக் குளிசை எடுத்து நன்றாகத் தேறிய இளம் தாய். தேறிய பிறகு மட்பாண்ட வகுப்பில் சேர்ந்தார். சக்கரத்தின் முன் உட்கார்ந்தால் மனம் லேசாகிறது, இனி மருந்து எதற்கு என்று தானாகவே நிறுத்திவிட்டார். "தங்கச்சிக்கு மண்ணே மருந்தாகிவிட்டது" என்று அக்காவும் மகிழ்ந்திருக்கிறார். சில மாதங்களில் அதே அக்கா அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். சாப்பாடு இல்லை, உறக்கம் இல்லை, பிள்ளையைத் தூக்கவும் மனமில்லை.

எத்தனை பேருக்குத்தான் இதைச் சொல்வது! நடந்த வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். நோய் முற்றியிருந்தபோது இந்தப் பெண்ணால் தலைவாரவே முடியவில்லை. குளிசை வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். அது வேலை செய்த பிறகுதான் குளித்து, உடுத்து, பஸ் ஏறி வகுப்புக்குப் போகும் தெம்பு வந்தது. தெம்பைத் தந்தது மருந்து, பெயரை வாங்கிக்கொண்டது களிமண். நிறுத்திய மறுநாளே நோய் திரும்புவதும் இல்லை. பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட நன்றாகவே போகும். "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டார் சொல்வது இந்த இடைவெளியில்தான். வேறு சிலருக்கு, திடீரென நிறுத்தியதால் தலைச்சுற்றும், எரிச்சல் வரும், உறக்கம் கெடும். உடனே "மருந்துக்கு அடிமையாகிவிட்டேன்" என்று பயந்து, குளிசைப் பக்கமே திரும்ப மாட்டார்கள். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடருங்கள் என்று வைத்தியர் சொல்வது நோய் திரும்பாமல் இருக்கத்தான். அரச வைத்தியசாலையில் இலவசமாகத் தரும் குளிசையை நீங்கள் விழுங்குவதால் அவருக்கு என்ன இலாபம்?

ஆய்வுகளைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு. 2016 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 39 பேர் 45 நிமிடம் களிமண், பேனா, ஒட்டுப்படம் போன்றவற்றோடு இருந்தார்கள். முக்கால்வாசிப் பேரின் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. நல்ல செய்திதான், ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்லர். மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் களிமண் பயனளித்ததைக் காட்டிய 2017 ஹொங்கொங் ஆய்வில் இருந்தவர்களோ கிளினிக்குக்கு வரும் வெளிநோயாளர்கள். மண்ணை நம்பி மருந்தை விடுங்கள் என்று இரண்டில் எதுவும் சொல்லவில்லை.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. போர் நடந்துகொண்டிருந்த 1996 இலேயே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா கலையையும் கதையையும் கொண்டு சிறுவர்களின் மனக்காயத்தோடு வேலை செய்யத் தொடங்கியது. நான் மண்ணை விரும்புவதற்குக் காரணம் எளியது. கை முழுவதும் களி அப்பியிருக்கும்போது தொலைபேசியைத் தொட முடியாது. பிடிக்காவிட்டால் பிசைந்து மீண்டும் தொடங்கலாம். கோணல் பானையை நான் திருத்துவதே இல்லை. முகநூலில் படம் போடுவதற்காக அழகான சட்டி வனைய வேண்டும் என்று தவிப்பவர்களைக் கண்டால்தான் கவலையாக இருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்க வந்த இடத்தில் இன்னோர் அழுத்தம் எதற்கு?

உடலையும் கவனியுங்கள். காய்ந்த களிமண் தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரலைத் தழும்பாக்கும், அது திரும்பச் சரியாகாது. வேலை முடிந்ததும் தும்புத்தடியால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பானையை உப்புத்தாளால் தேய்ப்பதையும் விடுங்கள். மழை வெள்ளத்துக்குப் பிறகு வயலிலும் வாவிக் கரையிலும் வெறுங்காலோடு மண் தோண்டப் போகாதீர்கள். எலிக்காய்ச்சல் மட்டுமல்ல, மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் இலங்கையில் உண்டு. நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் களி மிதிக்கவே வேண்டாம்.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். "குளிசையை நிறுத்திவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் கைதட்டாதீர்கள், கிளினிக் கொப்பியோடு வைத்தியரைப் பார்க்க அனுப்புங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். மருந்தைக் குறைக்க விரும்புவது தவறே அல்ல. அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் வாரக்கணக்கில், படிப்படியாகக் குறைப்பார். வகுப்பும் கிளினிக்கும் ஒரே நாளில் வந்தால் கிளினிக்குக்கு வாருங்கள். களியை ஈரச் சாக்கால் மூடிவைத்தால் அடுத்த வாரம் வரை காயாது.