சப்சிஸ்டென்ஸ் ஃபார்மிங்: தன்னிறைவா, வயிற்றுப்பாடா?

காலனிய கால வேளாண்மை பற்றிய கட்டுரைகளில் 'சப்சிஸ்டென்ஸ் ஃபார்மிங்' வந்தால் 'தன்னிறைவு வேளாண்மை' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். படித்துப் படித்துச் சலித்துவிட்டது.

வேர் லத்தீன்; நிற்றல், தாக்குப்பிடித்தல் என்று பொருள். அது உயிர் தரிக்கும் அளவு என்றாகி, விளைச்சலில் பெரும்பகுதி வீட்டுச் சாப்பாட்டுக்கே போகும் சாகுபடியைக் குறிக்கலாயிற்று. இதில் நிறைவு எங்கே இருக்கிறது?

பிறர் கையை எதிர்பார்க்காத நிலைதான் தன்னிறைவு. சென்னை மாகாணத்து மானாவாரிக் குடியானவர்களுக்கு அது வாய்த்ததா? 1820இல் தாமஸ் மன்றோ ஆளுநரானார். குடியானவரிடமே அரசு நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. வரியைப் பணமாகத்தான் கட்ட வேண்டும். அறுப்பு முடிந்ததும் கிஸ்தி நெருக்கும், ஊரே ஒரே சமயத்தில் தானியத்தை விற்கும், விலை விழும். அப்புறம் சாப்பாட்டுக்கே கடன் வாங்கிக் கம்பு வாங்கப் போனால் விலை ஏறியிருக்கும். 1876-78 பஞ்சத்தில் செத்த லட்சக்கணக்கானவர்களில் உழுதவர்களும் இருந்தார்கள். இதைத் தன்னிறைவு என்று எழுதக் கை கூச வேண்டாமா?

'தன் தேவைக்கு விளைவித்தார்கள், அதனால் தன்னிறைவு' என்று சமாதானம் சொல்வார்கள். தேவைக்கு விதைப்பது நோக்கம். தேவை நிறைந்ததா என்பது விளைவு. இரண்டையும் ஒன்றாக்கினால் வரலாறே மாறிவிடும். போதாததற்கு, திருநெல்வேலிக் கரிசலில் ஒரே குடும்பம் விற்கப் பருத்தியும் சாப்பிடக் கம்பும் போட்டது. அந்தக் குடும்பத்துக்கு எந்தப் பெயர் வைப்பது? சொல் குறிப்பது ஆளை அல்ல, சாகுபடியின் நோக்கத்தை.

'வாழ்வாதார வேளாண்மை' இன்னும் மோசம். பருத்தி விற்பதும் வாழ்வாதாரம்தானே. இலங்கை வழக்கான 'பிழைப்பூதியம்' பாதி சரி. பிழைப்பு இருக்கட்டும், ஊதியம் எதற்கு?

நம்மிடம் 'வயிற்றுப்பாடு' என்ற நல்ல சொல் இருக்கிறது. வயிற்றுப்பாட்டு வேளாண்மை. கொச்சை என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இதில் பிறமொழி ஒட்டு ஒன்றும் இல்லை, கேட்டவுடன் புரிகிறது. கலைச்சொல் என்றால் விறைப்பாக இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை மொழிபெயர்ப்பாளர்கள் எங்கே பிடித்தார்களோ!

சரி, 'செல்ஃப் சஃபிஷியன்ஸி'க்கும் தன்னிறைவு என்றுதான் எழுதுகிறார்கள். இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தால் என்ன செய்வார்களாம்?