வட்டத்தில் முதல் குழி எது?

தில்லி ஆர்.கே.புரத்தில் அண்ணன் வீட்டுச் சமையலறை. மேடையில் பணியாரக்கல் இருந்தது. "இதில் எத்தனை குழி?" என்று நாலரை வயது மருமகனிடம் கேட்டேன். சுற்றி ஆறு, நடுவில் ஒன்று, ஆக ஏழு. அவன் வெளிவட்டத்தில் ஒரு குழியைத் தொட்டு எண்ண ஆரம்பித்தான். ஆறு வந்தது, விரல் நிற்கவில்லை. ஏழு, எட்டு என்று இன்னும் இரண்டு குழி போய், கடைசியில் நடுக்குழியைத் தொட்டு "ஒன்பது!" என்றான். "நூறு வரைக்கும் கடகடன்னு சொல்லுவானே" என்று அண்ணிக்கு வருத்தம்.

வருத்தப்பட ஒன்றும் இல்லை. எண்களை வரிசை பிசகாமல் சொன்னான். கடைசியாகச் சொன்ன எண்தான் விடை என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பல பிள்ளைகளுக்கு இது பிடிபடவே மூன்றரை, நான்கு வயதாகிவிடும். பிறகு எங்கே சறுக்கினான்?

உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் கேலிஸ்டலும் 1978இல் எண்ணுதலுக்கு ஐந்து விதிகளைச் சொன்னார்கள். அதில் ஒன்று, ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண். கேட்க எளிதாக இருக்கும் இந்த விதிக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்ணைக் கொடுப்பது ஒன்று. எண்ணியவை எவை, எண்ண வேண்டியவை எவை என்று மனசுக்குள் பிரித்து வைத்துக்கொண்டே போவது இன்னொன்று. முதல் வேலையை அவன் ஒழுங்காகத்தான் செய்தான். தவறியது இரண்டாவதில்.

பொருள்கள் நேர்கோட்டில் இருந்தால் அந்த இரண்டாவது வேலையைக் கோடே செய்துவிடும். விரலுக்கு இந்தப் பக்கம் எண்ணியது, அந்தப் பக்கம் மிச்சம். கடைசிப் பொருளுக்கு அப்பால் வெறும் தரை, விரல் தானாக நின்றுவிடும். வட்டத்தில் அப்படி ஓர் ஓரமே கிடையாது. எந்தக் குழியில் நின்று பார்த்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. எங்கே ஆரம்பித்தோம் என்பதை, வாய் எண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை நினைவில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாலரை வயதுக்கு அது பெரிய பாரம்.

பெரியவர்களுக்கு மட்டும் என்ன? தில்லியின் பழைய நாடாளுமன்றக் கட்டடம் வட்ட வடிவம். வெளிச்சுற்றில் 144 தூண்கள். எந்தத் தூணில் ஆரம்பித்தோம் என்று அடையாளம் வைக்காமல் சுற்றி வந்தால் நமக்கும் கணக்கு தப்பும்.

அமெரிக்காவில் 2010இல் வந்த பொதுப் பாடத்திட்டத்தில் இதற்குத் தனி இடமே இருக்கிறது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் கோடு, கட்ட வரிசை, வட்டம் என எதில் அடுக்கியிருந்தாலும் 20 பொருள்கள் வரை எண்ண வேண்டும் என்கிறது அது. இறைந்து கிடந்தால் 10 வரை போதுமாம். அதாவது எண் பெரிதா சிறிதா என்பதோடு, பொருள்கள் எப்படிக் கிடக்கின்றன என்பதும் கணக்கு.

ஒன்றைக் கவனியுங்கள்: மூன்று பொருள்களை வட்டமாக வைத்துப் பழக்குவதில் பயனில்லை. மூன்று, நான்கு வரை கண்ணே ஒரு பார்வையில் சொல்லிவிடும், எண்ணத் தேவை வராது. ஐந்தாறில் ஆரம்பிப்பதுதான் சரி.

முதலில் நகர்த்தக்கூடிய பொருள்களைக் கொடுங்கள். புளியங்கொட்டைகளை வட்டமாக வைத்து, எண்ண எண்ண ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். எண்ணியது கிண்ணத்தில், மிச்சம் தரையில். மனசு செய்ய வேண்டிய பிரிப்பைக் கை செய்துவிடுகிறது. அப்புறம் நகராத வட்டம். ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கடலையை வைத்துவிட்டுக் கிளம்பட்டும். அல்லது இடது கை விரல் முதல் குழியிலேயே இருக்க, வலது கை சுற்றி வரட்டும். வலது விரல் இடது விரலைச் சந்திக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். படமாக இருந்தால் முதலாவதில் பென்சிலால் ஒரு புள்ளி. தேசியக்கொடியின் சக்கரத்தில் 24 ஆரங்களை எண்ணும் நாள் வரும்போது, உச்சியில் இருக்கும் ஆரத்தைக் கண்ணாலேயே அடையாளமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

தொட்டு எண்ணுவதைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். "விரலை எடு, கண்ணால் எண்ணு" என்று அதட்டுவதைக் கேட்டால் எனக்கு மனசு பொறுக்காது. சும்மா பார்த்து எண்ணுவதைவிடச் சுட்டியோ தொட்டோ எண்ணும்போது பிள்ளைகள் குறைவாகத் தவறுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் அலிபாலி, டிருஸ்ஸோ இருவரும் 1999இல் காட்டினார்கள். பொம்மை ஒன்று பிள்ளைக்காகச் சுட்டிக்காட்டினாலும் பலன் இருந்தது. ஆனால் வாய் சொல்லும் எண்ணும் தொடும் பொருளும் மிக நன்றாகப் பொருந்திப் போனது பிள்ளையின் சொந்தக் கை அசைந்தபோதுதான்.

தில்லியில் வளரும் நம் பிள்ளைகள் பதினெட்டுக்குப் பிறகு 'உன்னீஸ்' என்று இந்திக்குத் தாவுவார்கள். அது எண்களின் பெயர் பற்றிய குழப்பம், வட்டத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாகத் திருத்தப் போனால் பிள்ளைக்கு எது தப்பு என்றே புரியாது.

அன்று மருமகன் கையில் ஒரு கடலையைக் கொடுத்தேன். "இதுதான் முதல் குழியா?" என்று கேட்டான். "நீ எங்கே வைக்கிறாயோ அதுதான்" என்றேன். வைத்தான், சுற்றினான், கடலைக்கு முந்தின குழியில் நின்றான். நடுக்குழியையும் சேர்த்து ஏழு. உடனே கடலையை அடுத்த குழிக்கு மாற்றினான். "அத்தை, இங்கேருந்து எண்ணினாலும் ஏழுதான் வருமா?" எங்கே ஆரம்பித்தாலும் தொகை மாறாது என்பது அந்த ஐந்து விதிகளில் கடைசி. நான் பதில் சொல்லவில்லை. ஆறு குழியிலிருந்தும் ஆரம்பித்துப் பார்த்த பிறகுதான் கல்லை அடுப்பில் ஏற்ற விட்டான்.