மூன்று அடைப்பு என்றால் நெஞ்சைப் பிளந்தே ஆக வேண்டுமா?

இதய ரத்தக்குழாய்களை ஆஞ்சியோ எடுத்த படம் பதிந்த சி.டி.யோடு வந்திருந்தார் ஒரு தேங்காய் மண்டிக்காரர். இருபது வருடச் சர்க்கரை, மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. ஓரிடத்தில் பைபாஸ், அதாவது அடைப்பைத் தாண்டி வேறு குழாயை இணைக்கும் அறுவை என்றார்களாம், இன்னோரிடத்தில் அடைப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் போதும் என்றார்களாம். “எதுங்க டாக்டர் சரி?” என்று கேட்டார் அவர் மனைவி. இவருக்கு இரண்டும் வேண்டும் என்றேன்.

இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் எல்.ஏ.டி. குழாய்தான் இடது கீழறையின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுக்கிறது. அதற்கு மாற்றுவழி போட நெஞ்செலும்பின் உள்பக்கத்திலேயே ஒரு தமனி ஓடுகிறது. 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை எல்.ஏ.டி.யோடு இணைத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு 10 ஆண்டு கழித்தும் அடைபடாமல் ஓடுகிறது. மாற்றுவழிக்காகக் காலிலிருந்து எடுக்கும் சிரைகளில் ஏறக்குறைய பாதி அதற்குள் கெட்டுப்போகும். சரி, மற்ற இரண்டு குழாய்களுக்கும் அந்தச் சிரையையே ஏன் நம்ப வேண்டும்? அங்கே ஸ்டென்ட் வைக்கலாமே. 1990களின் நடுவில் இப்படித்தான் இந்தக் கலப்பு முறை தொடங்கியது.

இடது மார்புக்குக் கீழே, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஏழெட்டு சென்டிமீட்டர் கீறல். இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். தைக்கும் இடத்தை மட்டும் ஒரு கருவி அசையாமல் பிடித்துக்கொள்ளும். தலைமுடியைவிட மெல்லிய நூலில் தையல். சில நாள் கழித்து மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட். விலா இடுக்கில் முதல் சில நாள் வலி நன்றாகவே இருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஆனால் நெஞ்செலும்பை அறுக்காததால் எலும்பு ஒன்றுசேர இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கு அந்த எலும்பில் சீழ் பிடிக்கும் பயமும் இல்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. நுரையீரல் மோசமாக இருந்தால், எல்.ஏ.டி. தசைக்குள் புதைந்திருந்தால், மாரடைப்போடு அவசரமாக வந்தால் வேறு வழிதான். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆஞ்சியோவில் ஏற்றும் சாய மருந்து தாங்குமா என்றும் யோசிக்க வேண்டும். அதனால்தான் அறுவை மருத்துவரும் ஸ்டென்ட் வைக்கும் மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து உங்கள் சி.டி.யைப் பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், மாத்திரை. ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை கொடுப்போம். நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம். மண்டிக்காரர் நாலாவது மாதம் போன் செய்தார். பல் பிடுங்க வேண்டுமாம், இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களாம். “நிறுத்தாதீங்க, பல் டாக்டர்கிட்ட போனைக் குடுங்க” என்றேன்.