ஒரே கார்டு, ரெண்டு டிரைவர்: இன்டரப்ட் வெக்டரை யாரு பங்கு போடுறது?

திருப்பரங்குன்றம் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணே, 16 கோர் சர்வர்ல நெட்வொர்க் கார்டு நல்லா ஓடுது, ஆனா அதே கார்டுல ஆர்டிஎம்ஏ மட்டும் எந்திரிக்கவே மாட்டேங்குது, லாக்ல வெக்டர் பத்தலைன்னு வருது, ஏன்?" அருமையான கேள்வி. ஆர்டிஎம்ஏன்னா சிபியுவ இழுக்காம ஒரு மெஷின் மெமரில இருந்து இன்னொரு மெஷின் மெமரிக்கு நெட்வொர்க் வழியா நேரா டேட்டா அனுப்புறது.

இன்டரப்ட்னா 'என்னைக் கொஞ்சம் கவனி'ன்னு கார்டு சிபியுவக் கூப்பிடுறது, எந்தக் கூப்பாடுன்னு அடையாளம் காட்டுற நம்பர்தான் வெக்டர். கார்ட மெஷினோட இணைக்கிற பழைய பிசிஐல அதுக்குன்னு தனியா கம்பி, மொத்தம் நாலே நாலு, நாலஞ்சு டிவைஸ் ஒரே கம்பிய பகிர்ந்துக்கும். பின்னாடி வந்த எம்எஸ்ஐ-எக்ஸ்ங்கிற முறையில கம்பியே கிடையாது. கார்டுக்குள்ள ஒரு டேபிள் இருக்கு, அதுல ஒவ்வொரு வரிசையும் 16 பைட்: எந்த அட்ரஸ், என்ன டேட்டா, மாஸ்க் பண்ணணுமா, அதாவது இப்போதைக்கு அடக்கி வைக்கணுமா. வேலை முடிஞ்சதும் கார்டு அந்த அட்ரஸ்ல அந்த டேட்டாவ எழுதும், அவ்வளவுதான், மெமரில எழுதுற மாதிரி ஒரு எழுத்து, அதுவே இன்டரப்டா மாறி சரியான கோர்ல போய் நிக்கும். எத்தனை தடவ படிச்சாலும் எனக்கு இது அலுக்கல.

டேபிள்ல 2048 வரிசை வரைக்கும் இருக்கலாம். ஆனா எக்ஸ்86ல (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) ஒரு கோருக்கு வெக்டர் 256தான், முதல் 32 எக்ஸெப்ஷனுக்கு (சிபியுக்குள்ளயே வர்ற பிழைகளுக்கு) போயிரும், ஓஎஸ்ஸோட மையமான கெர்னலும் தனக்குன்னு கொஞ்சம் வச்சுக்கும். அதனால கார்ட ஓட்டுற சாஃப்ட்வேரான டிரைவர் "குறைஞ்சது இவ்வளவு, முடிஞ்சா இவ்வளவு"ன்னுதான் கேக்கணும். கெர்னல் எவ்வளவு குடுத்துச்சுன்னு திருப்பிச் சொல்லும், குறைஞ்சபட்சமே இல்லைன்னா எரர்.

இப்ப தம்பியோட சிக்கலுக்கு வருவோம். நெட்வொர்க் டிரைவர் வேற, ஆர்டிஎம்ஏ டிரைவர் வேற, ஆனா பிசிஐ ஃபங்ஷன் (கெர்னல் கண்ணுக்குத் தெரியுற டிவைஸ்) ஒண்ணு, டேபிளும் ஒண்ணு. ரெண்டு பேரும் தனித்தனியா கெர்னல்கிட்ட போய்க் கேக்க முடியாது. நெட்வொர்க் டிரைவர்தான் மொத்தமா வாங்கி, ஆக்ஸிலரி பஸ்ங்கிற கெர்னல் ஏற்பாடு வழியா ஒட்டிக்கிற ஆர்டிஎம்ஏவுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். உதாரணத்துக்கு, அட்மின் வேலைக்கு 1, நெட்வொர்க் க்யூவுக்கு (பாக்கெட் வரிசைக்கு) கோருக்கு ஒண்ணா 16, ஆர்டிஎம்ஏக்கு 17, ஆக 34 கேட்டோம், கிடைச்சது 20. வைகை அணையில தண்ணி பத்தாத வருசம் குடிதண்ணிக்கு எடுத்து வச்சுட்டு, அப்புறம் மதுரைப் பக்கம் கள்ளந்திரி வரைக்கும் இருபோகத்துக்கு, மிச்சமிருந்தாத்தான் மேலூர் ஒருபோகத்துக்குன்னு பிரிப்பாங்கள்ல, அதே கணக்குதான். அட்மின் 1ல கை வைக்கவே கூடாது, அது இல்லைன்னா லிங்க் போனதுகூட டிரைவருக்குத் தெரியாது. அப்புறம் நெட்வொர்க்குக்கு 1, ஆர்டிஎம்ஏக்கு 2ன்னு குறைஞ்சபட்சத்த ஒதுக்கிட்டு, மிச்சம் 16ஐப் பிரிக்கணும். பாதிப் பாதியா, இல்ல நெட்வொர்க்குக்கே முதல்லயாங்கிறது டிரைவர் எழுதுறவங்க முடிவு. நெட்வொர்க்கே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா ஆர்டிஎம்ஏ படுத்துரும், தம்பிக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கும்.

நம்ம ஊரு காலேஜ் லேப் பல இடத்துல 8086, 8259ங்கிற பழைய சிப் கிட்டோட நின்னு போகுது, இலந்தைக்குளம் ஐடி பார்க்குக்கு வேலைக்குப் போற பிள்ளைங்க ஒரு நிஜ பிசிஐ கார்டுக்கு டிரைவர் எழுதிப் பாக்காமலே போறாங்க. கட்டடத்துக்கு ஒதுக்குற பணத்துல துளி இதுக்குப் போட்டாலே போதும்.

முன்னாடியெல்லாம் எம்எஸ்ஐ-எக்ஸ ஒரு தடவ எனேபிள் பண்ணிட்டா வெக்டர் கூட்ட முடியாது, எல்லாத்தையும் விட்டுட்டு மறுபடி முதல்லருந்து கேக்கணும். 2023ல வந்த லினக்ஸ் 6.2ல இருந்து, ஹார்டுவேரும் டிரைவரும் ஒத்துக்கிட்டா, ஓடும்போதே ஒண்ணு ஒண்ணா வாங்கலாம், ஆர்டிஎம்ஏ மாட்யூல் லோடாகுறப்ப அதுக்கு வேணுங்கிறத அப்ப எடுத்தாப் போதும். திருப்பிக் குடுக்குறப்ப மட்டும் வரிசை மாறக்கூடாது: ஆர்டிஎம்ஏ தன்னோட ஹேண்ட்லர (இன்டரப்ட் வந்தா ஓடுற கோட) முதல்ல கழட்டணும், அதுக்கப்புறந்தான் நெட்வொர்க் டிரைவர் வெக்டர விடணும்.