குடியரசு: சொல்லும் பொருளும்

'ரிபப்ளிக்' என்பதன் வேர் லத்தீன் மொழியின் 'ரெஸ் பப்ளிகா'. 'ரெஸ்' என்றால் பொருள், காரியம். 'பப்ளிகா' என்றால் பொதுவானது. நாடு ஒரு குடும்பத்தின் சொத்தல்ல, எல்லோருக்கும் பொது என்பதே அடிக்கருத்து. இதற்குச் சரியான தமிழ்ச்சொல் குடியரசு.

நம் சொல்லில் அழுத்தம் இன்னும் கூடுதல். 'குடிதழீஇக் கோலோச்சும் மாநில மன்னன்' என்கிறது குறள். அங்கே கோல் மன்னன் கையில். குடி அவனுடைய அரவணைப்பில். அந்தக் குடியே அரசாகிவிட்டால் அது குடியரசு. முடியரசு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எதிர்ச்சொல் கிடைக்காது. ரஷ்யாவில் 1917இல் ஜார் ஆட்சி கவிழ்ந்ததைப் பாடிய பாரதி இந்தச் சொல்லைத்தான் கையாண்டார். 1925இல் பெரியார் தொடங்கிய வார இதழின் பெயரும் இதுவே.

சரி, குடியரசும் மக்களாட்சியும் ஒன்றா? பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், அது தவறு. ஆள்பவரை மக்கள் தேர்ந்தெடுத்தால் மக்களாட்சி. நாட்டின் தலைமை பரம்பரைப் பதவியாக இல்லாவிட்டால் குடியரசு. பிரிட்டனும் ஜப்பானும் மக்களாட்சி நாடுகள், ஆனால் குடியரசுகள் அல்ல.

நேபாளத்தைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1960இல் மன்னர் மகேந்திரா நாடாளுமன்றத்தைக் கலைத்து ஆட்சியைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். 1990இல் மக்கள் போராடிப் பலகட்சி ஆட்சியை மீட்டார்கள், ஆனால் மன்னர் பதவி நீடித்தது. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா அரசைக் கலைத்துவிட்டு நேரடியாக ஆளத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் எழுந்த மக்கள் போராட்டம் அவரைப் பணிய வைத்தது. அப்புறம் 2008 மே 28 அன்று அரசியல் நிர்ணய சபை முடியாட்சியை ஒழித்தது: ஆதரவு 560, எதிர்ப்பு 4. அதோடு 240 ஆண்டு ஷா வம்ச ஆட்சி முடிந்தது. ஞானேந்திரா மணிமுடியையும் செங்கோலையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டு நாராயணஹிட்டி அரண்மனையை விட்டு வெளியேறினார்.

நேபாளியில் குடியரசுக்கு 'கணதந்திர' என்று தனிச்சொல் உண்டு. மக்களாட்சிக்கு முன்பு 'பிரஜாதந்திர' என்றார்கள். 'பிரஜை' என்பதில் மன்னனுக்கு அடங்கியவர் என்ற சாயல் இருந்ததால் பின்னர் 'லோக்தந்திர' என்ற சொல்லை விரும்பி எடுத்துக்கொண்டார்கள்.

தமிழில் எழுதுபவர்கள் மன்னரிடமே எல்லா அதிகாரமும் இருப்பதை முழு முடியாட்சி என்றும், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மன்னர் இருப்பதை அரசியலமைப்பு முடியாட்சி என்றும் பிரித்து எழுதலாம். நேபாளத்துக்கு 1990 மக்களாட்சி மீண்ட ஆண்டு; குடியரசான ஆண்டு 2008.